அத்தையின் மீட்டர் பல்

பல்லைத் திறந்தேன். உள்ளே ரோஸ் கலர்.

பல் டாக்டராகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பல்லுக்குள் கறுப்பு பார்த்திருக்கிறேன், பழுப்பு பார்த்திருக்கிறேன், சீழ் வழிந்தும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை முழுசாக ஒரு கடுகு இருந்தது. ரோஸ் மட்டும் பார்த்ததே இல்லை. அதுவும் கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு வாசனையோடு.

"செல்விக்கா, லைட்டைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றேன். செல்வி அக்கா என் கிளினிக்கில் உதவியாளர், என்னைவிட மூத்தவர். எட்டிப் பார்த்தார். மாஸ்க் போட்டிருந்தாலும், அவர் சிரிக்கிறார் என்பதைக் குலுங்கிய தோள் காட்டிக்கொடுத்துவிட்டது.

நாற்காலியில் படுத்திருந்தவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணை மூடுகிற ஆளே இல்லை அவர். மரத்துப்போகிற ஊசி போட்டபோது, "இவ்ளோ நீளம் எதுக்கு?" என்று ஊசியைப் பார்த்துக் கேட்டவர். அவர் என் மாமியார்.

"அத்தை, நான் உள்ள வெச்சது வெள்ளைச் சுண்ணாம்பு."

பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டியிருந்ததால் அவரால் பேச முடியாது. "ம்" என்றார்.

"இது ரோஸா இருக்கு."

"ம்ம்."

"எப்படி அத்தை?"

மூடிய கண் இன்னும் இறுகியது.

இதை எழுதுவதற்கு அத்தையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டேன். இந்தத் தொடரை வாராவாரம் முதலில் படிப்பது அவர்தான். போன வாரம் என் காலேஜ் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன் இல்லையா, "வீட்டுச் சாம்பாரைப் பத்தி ஒரு வரி எழுத மனசு வரலையே உனக்கு" என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்த வாரம் உங்களைப் பற்றித்தான் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பொய் எழுதாத. உண்மையையும் ரொம்ப எழுதாத."

முடிந்தவரை பார்க்கிறேன்.

வீட்டு டாக்டர் வேண்டாம்

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். என் கிளினிக் தஞ்சாவூரில். தினமும் வண்டியில் போய் வருகிறேன். வீட்டில் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை நிலம். எல்லாம் அத்தை பொறுப்பு. வீட்டுக்காரர் பேங்க் வேலை. வயலில் இறங்கினால் அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டும் என்பதால் அவர் வரப்போடு சரி.

கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அத்தை ஒருநாள்கூட என்னிடம் பல்லைக் காட்டியதில்லை. சிரிக்கும்போது காட்டுவார், அது வேறு கணக்கு. நடுவில் ரெண்டு பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து, வேறொரு டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடியே என் கிளினிக் வாசலில் வந்து நின்றார். "வீட்டுக்குத்தானே போற? வா, சேந்தே போவோம்" என்று கையால் ஜாடை காட்டி வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

காரணத்தைப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். "மருமக முன்னாடி ஒரு தடவை வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்துட்டேன்னா, அப்புறம் வீட்ல நான் சொல்றது எடுபடுமாடா?"

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எந்த அதிகாரியும் என் நாற்காலியில் அதிகாரியாக இருந்ததில்லை.

மீட்டர்

அத்தைக்கு வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல். ஊரில் அதற்குப் பேரே மீட்டர்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுத்த நெல்லை நன்றாகக் காயவைத்துத்தான் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஈரம் பார்க்கிற மீட்டர் இருக்கிறது. ஈரம் கூடுதலாக இருந்தால் வந்த டிராக்டரிலேயே திரும்ப வேண்டியதுதான். ஏற்றி இறக்குகிற பாடு சாமானியமில்லை. அதனால் மூட்டை கட்டுவதற்கு முன்னால் நாலு நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள். காய்ந்த நெல் டக்கென்று உடையும். ஈர நெல் நசுங்கும்.

எல்லோரும்தான் கடிக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் கடைசி வார்த்தை அத்தையுடையது. குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். மூணு நெல்லைப் பொறுக்குவார். வலது பக்கம் ஒதுக்கி, போனில் பேசுகிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கடிப்பார். பிறகு தீர்ப்பு. "மூட்டை கட்டு." இல்லையென்றால் "இன்னும் ஒரு வெயில்." ரொம்ப மோசமாக இருந்தால், "இதை ஏண்டி இப்ப எடுத்துட்டு வந்தே?"

நானும் திருட்டுத்தனமாகக் கடித்துப் பார்த்திருக்கிறேன். எல்லா நெல்லும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அந்தப் பல்லில்தான் மார்கழிக் கடைசியில் வலி வந்தது. கிராம்பு வைத்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், பொங்கல் வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது கடிக்க முடியாமல், செய்து முடித்தார். மாட்டுப் பொங்கலன்று கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. பொங்கல் லீவு முடிந்ததும் பழைய டாக்டரிடம் போனார். பிடுங்கிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அத்தை எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் என் கிளினிக் பெஞ்சில் ஆறாவது டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பார்த்தால் அத்தை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். கன்னம் அப்படிச் சொல்லவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். "அறுப்புக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள இந்தப் பல்லு எனக்கு வேணும். பிடுங்கணும்னா இப்பவே சொல்லிடு, நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

"காப்பாத்திடலாம் அத்தை" என்றேன். சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தேன். டாக்டர் இப்படிச் செய்யக் கூடாது. மருமகள் செய்வாள்.

செத்த எலி

பல்லின் வேருக்குள் மெல்லிய குழாய்கள் ஓடும். அத்தை பல்லில் மூணு. உள்ளே இருந்த நரம்பு அழுகி, கிருமிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. மெல்லிய கம்பிகளை விட்டுச் சுரண்டி, கிருமியைக் கொல்கிற மருந்துத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பீச்சிக் கழுவினேன். தண்ணித் தொட்டியில் மருந்து போட்ட அன்றைக்கு வருமே, அந்த வாசனை.

மருந்து வைத்து மூடி, ரப்பர் ஷீட்டைக் கழற்றியதும், "எல்லாம் செத்துதா?" என்றார் அத்தை.

"அநேகமா."

"அநேகமான்னா? நான் நெல்லு பாத்துட்டு அநேகமா காஞ்சிருக்குன்னு சொன்னா விடுவாங்களா?"

சரி, புரிய வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். கிருமி செத்தாலும் அதன் உடம்பிலிருக்கும் விஷம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கசிந்தால் எலும்பை அரித்துக்கொண்டே போகும், கொல்வது ஒரு வேலை, விஷத்தை முறிப்பது இன்னொரு வேலை என்றேன்.

அத்தை கொஞ்சம் யோசித்தார். "மூட்டை அடுக்குற ரூம்ல எலிக்கு மருந்து வெச்சமே, ஞாபகம் இருக்கா? எலி அன்னிக்கே செத்துப்போச்சு. ஒரு வாரம் அந்த ரூமுக்குள்ள மனுஷன் போக முடிஞ்சுதா? அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான். அஞ்சு வருஷம் பாடம் எடுத்த எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இப்போது என் பேஷண்டுகளுக்கு இந்த எலிக் கதையைத்தான் சொல்கிறேன். யார் சொன்ன கதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது வீட்டில் உத்தரவு.

"அந்த விஷத்தை முறிக்கத்தான் ஒரு மருந்து வெச்சு மூடியிருக்கேன், பத்து நாள் இருக்கணும்" என்றேன்.

"என்ன மருந்து?"

இங்கேதான் நான் சறுக்கினேன். வாயில் நுழையாத பேர் ஒன்று அதற்கு இருக்கிறது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "சுண்ணாம்புதான் அத்தை. சுத்தம் பண்ணின சுண்ணாம்பு" என்று சொல்லிவிட்டேன்.

"சுண்ணாம்பா?" அத்தையின் கை தானாக இடுப்புக்குப் போனது. வெற்றிலைப் பையும் சுண்ணாம்பு டப்பாவும் நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கின்றன. "இதுக்கா அஞ்சு வருஷம் படிச்சே?"

வீடு வரைக்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். வீக்கத்தோடு சிரிப்பது கஷ்டம். அதையும் மீறிச் சிரித்தார்.

கிளம்புமுன் நான் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். "இப்ப போட்டிருக்கிறது தற்காலிக அடைப்பு. அது பெயர்ந்தா கிருமி திரும்ப உள்ள போயிடும். அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது. சீவல், முறுக்கு, நெல்லு, எதுவும்."

"நெல்லுன்னு தனியா வேற சொல்லணுமா?"

"சொல்லணும்."

டக்

ஆறாம் நாள். ரெண்டு வீடு தள்ளியிருக்கும் கல்யாணி அக்கா எல்லோருக்கும் முன்னால், முன்பட்டமாக நட்ட வயலை மெஷின் விட்டு அறுத்து, ரோட்டில் காயப்போட்டிருந்தார். ஒரு பிடி நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே நாலு பெண்கள். நான் கிளினிக்கில் இருந்தேன், எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான்.

அத்தை மூணு நெல்லைப் பொறுக்கி, வலது பக்கம் வைத்து, தலையைச் சாய்த்துக் கடித்திருக்கிறார். டக். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டதாம்.

"மூட்டை கட்டு."

மறுநாள் அந்த நெல் போன டிராக்டரிலேயே திரும்பி வந்தது. ஈரம்.

கல்யாணி அக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். நான் அப்போதுதான் வண்டியை நிறுத்தி, தலையில் ஹெல்மெட்டோடு நிற்கிறேன்.

"பெரியம்மா, உங்க மருமக ஊரு பல்லையெல்லாம் சரி பண்றாங்க. நம்ம மீட்டரைக் கெடுத்து வெச்சுட்டாங்களே."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முருங்கை மரத்தைப் பார்த்தார்.  கல்யாணி அக்கா போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு பல், அதிலும் கெட்ட பேர். கடித்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

அதன் பிறகு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வெற்றிலையும் போடவில்லை. கேட்டால் பசி இல்லை என்றார். நெல் திரும்பி வந்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாக்குமூலம்

பத்தாம் நாள்தான் அந்த ரோஸ்.

ரப்பர் ஷீட்டைக் கழற்றினேன். "இப்ப சொல்லுங்க அத்தை."

"செல்வியை வெளிய போகச் சொல்லு."

செல்வி அக்கா வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார் என்பது வேறு விஷயம்.

"அன்னிக்கு டக்குன்னுது பாரு, அது நெல்லு இல்ல. நீ வெச்ச அடைப்பு. நாக்குல சில்லு தட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மூட்டை கட்டச் சொன்னீங்க?"

"நாலு பேரு வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாளுவ. மீட்டரு உடைஞ்சுபோச்சுன்னா சொல்லுவாங்க?"

அவர்கள் போனதும் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பல்லில் பெரிய ஓட்டை. அடைப்புப் பெயர்ந்தால் கிருமி புகுந்துவிடும் என்று நான்தான் சொல்லியிருக்கிறேனே. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, டப்பாவைத் திறந்து, வெற்றிலைக் காம்பால் சுண்ணாம்பை எடுத்து உள்ளே தடவியிருக்கிறார். தாம்பூலத்துக்கென்று கடையில் விற்கிற, ரோஸ் கலர், பன்னீர் வாசனைச் சுண்ணாம்பு. அதன் மேல், கரண்ட் போனால் ஏற்ற வைத்திருக்கும் மெழுகுவத்தியை உருட்டி அடைத்திருக்கிறார்.

"பத்து நாள் சுண்ணாம்பு உள்ள இருக்கணும்னே. இருந்துச்சுல்ல?"

கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் சுண்ணாம்பு பட்டு வெந்து, புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக இருந்தது. நாலு நாளாகச் சாப்பிடாததற்கு அதுதான் காரணம். கோபம் வருவதற்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அத்தை."

"என்னன்னு பண்றது? நெல்லுன்னு தனியாச் சொன்னியே நீ."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு, நாங்கள் வைக்கும் சுண்ணாம்பு வேறு. டப்பாவில் விரல் படுகிறது, காம்பு படுகிறது, எச்சில் படுகிறது. நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய கிருமியையெல்லாம் அத்தை பன்னீர் தெளித்து உள்ளே அழைத்திருக்கிறார். தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கன்னம் வெந்துபோகும்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரோஸ் முழுக்கப் போகும் வரை கழுவினேன், போன பிறகும் கழுவினேன். முதல் தடவையைவிட ரெண்டு மடங்கு நேரம். மறுபடி வெள்ளைச் சுண்ணாம்பு. மறுபடி பத்து நாள். இந்தத் தடவை அடைப்பைக் கெட்டியாகப் போட்டேன்.

"இதுல கொஞ்சம் பன்னீர் வாசனை சேக்க முடியாதா?" என்று கேட்டார் அத்தை. 

அந்தப் பத்து நாளும் சோற்றைக் குழைய வடித்து இடது பக்கமே சாப்பிட்டார். நெல்லோடு வந்தவர்களிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே ஈரமில்லை, தட்டினால் வலியில்லை. குழாய்க்குள் விட்டு எடுத்த காகிதக் குச்சியை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். இதை நாங்கள் வெளியே சொல்வதில்லை, ஆனால் செய்வோம். வாடை இல்லை. செத்த எலி ஒருவழியாக வெளியேறிவிட்டது.

குழாய்களை அடைத்து, அடுத்த வாரம் மேலே ஒரு தொப்பியும் மாட்டினேன். அப்போது அத்தை கேட்டார். "உள்ள நரம்பே இல்லைங்கிற. இனிமே நெல்லு தெரியுமா எனக்கு?"

"பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு அத்தை. அழுத்தம் அதுக்குத்தான் தெரியும். அது நல்லாருக்கு."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நெல் காய்ந்ததா ஈரமா என்பது தெரியுமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. 

இன்னும் ஒரு வெயில்

எங்கள் வயலை அறுத்த ரெண்டாம் நாள். ரோட்டில் ஒரு ஓரமாக எங்கள் நெல், அதை ஒட்டிக் கல்யாணி அக்காவின் கடைசி வயல் நெல். மூணு மணி வெயில். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன். யாராவது கேட்டால் வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்வதாக இருந்தேன்.

கல்யாணி அக்கா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார். "மீட்டரு ரிப்பேரு முடிஞ்சுதா பெரியம்மா?"

அத்தை எங்கள் நெல்லைத் தாண்டி நேராக அவர் நெல்லுக்குப் போனார். நடுவில் கையை விட்டு ஒரு பிடி. மூணு நெல். இடது பக்கம் வைப்பாரோ என்று பார்த்தேன். வலது பக்கம்தான் வைத்தார். தலை சாய்ந்தது.

ஒன்று. முகத்தில் எதுவும் இல்லை. ரெண்டு. புருவம் லேசாக ஏறியது. மூணாவதைக் கடித்துவிட்டு உமியைத் துப்பினார்.

"இன்னும் ஒரு வெயில்."

கல்யாணி அக்கா நம்பவில்லை. ஒரு தடவை பட்டவர் நம்ப மாட்டார். ஒரு பையில் நெல்லை அள்ளிக் கட்டி, தன் வீட்டுக்காரரை பைக்கில் கொள்முதல் நிலையத்துக்கு விரட்டினார். நாங்கள் டீ குடித்தோம். அதாவது மற்றவர்கள் குடித்தார்கள். என் டீ ஆடை கட்டிக்கொண்டு ஆறிப்போனது.

பைக் திரும்பி வந்தது. "லேசா ஈரம் இருக்காம். நாளைக்கு ஒரு நாள் காயவெச்சுக் கொண்டாரச் சொல்றாங்க" என்றார் அவர்.

கல்யாணி அக்கா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு மட்டும் என்னாச்சு பெரியம்மா?"

அத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பனி, தலைவலி, என் கைராசி, எதைச் சொன்னாலும் எடுபட்டிருக்கும்.

"அன்னிக்கு உடைஞ்சது உன் நெல்லு இல்ல, கல்யாணி. பல்லுல இவ வெச்சிருந்த அடைப்பு. கடிக்காதீங்க, கடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னா. கடிச்சது நான். உன் நெல்லு திரும்பி வந்ததுக்குக் காரணம் நான்தான். இவ மேல சொல்லாத."

ஒன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து "காரணம் நான்தான்" என்று நான் கேட்டதே இல்லை. அதுவும் தெருவே நிற்கும்போது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட் வார் சிக்கிக்கொண்ட மாதிரிக் குனிந்து நோண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம்கூட நிம்மதியாகக் கலங்க விடவில்லை.

"அப்ப பல்லைச் சரி பண்ணினது டாக்டரம்மாதானா?" என்றார் கல்யாணி அக்கா.

"பாதி இவ" என்றார் அத்தை. "பாதி நான். உள்ள வெச்ச சுண்ணாம்புல என் பங்கும் இருக்கு, வேணும்னா கேட்டுப் பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் என்றால் அங்கேயே, அப்போதே மறுத்திருக்க வேண்டும். மனசு இளகிப்போய் நின்றேனா, சிரித்துத் தலையை ஆட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக்கைத் திறந்தால், முதல் டோக்கன் கல்யாணி அக்கா. ஒரு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளாக ஒரு சொத்தைப் பல்லாம், பயந்துகொண்டு வராமல் இருந்தாராம்.

"உங்களுக்கு வேலை மிச்சம் டாக்டரம்மா" என்றார், வாயை முழுசாகத் திறக்க முடியாமல். "பாதியை நான் வீட்லயே முடிச்சுட்டேன்."

செல்வி அக்கா எதுவும் கேட்காமல் லைட்டைக் கீழே இறக்கினார்.

ரோஸ்.